வேளாண்மை வெட்டும் நமது இலக்கியமும்

பத்தாம் வகுப்பு மாணவரை 'அறுவடைக் காலம்' என்னும் தலைப்பிலே கட்டுரை வரையுமாறு பணித்திருந்தோம். வந்த கட்டுரைகளுள் பெரும்பாலானவற்றில், அரிவாளேந்திய மங்கையர் அணியணியாக வயலில் இறங்கினர்; பாடிக்கொண்டே கதிரறுத்தனர்; களத்திலே மாடுகள் சுற்றிச்சுற்றி வந்து போரடித்தன. மொழிநடையில் குறை சொல்வதற்கில்லை. எதுகையும் மோனையும் வேண்டிய அளவு இருந்தன. ஆயினும் அக்கட்டுரைகளை எழுதிய பிள்ளைகளுள் ஒருவரேனும் தாம் வருணித்த காட்சியைக் கண்ணாற் கண்டதில்லை என்பது நமக்கு நிச்சயமாகத் தெரியும். கல்முனைக் கரையோரத்து ஊர்களில் வாழும் பிள்ளைகள் அவர்கள். வீட்டிலிருந்து மேற்கே சிறிது தூரம் சென்றால் கண்ணுக்கெட்டியவரை வயல்வெளி. அங்கே அறுவடைக் காலத்தில் கேட்பது பாட்டன்று, டீசல் எஞ்சினின் ஓசை. ஏக்கர்க் கணக்கான வேளாண்மையை ஒரே நாளில் வெட்டி, அடித்து, தூற்றி, மூட்டைக்கு ஆயத்தமான நெல்லாகக் கொட்டிவிட்டுப் போகிறது கூட்டறுவடை யந்திரம். 'வெட்டு மெசின்' என்று நம்மவர் கூறுவர். சிங்களக் கிராமத்தார் அதற்கு 'பூதயா' என்றே பெயரிட்டுவிட்டனர். அப்பெயரை வைத்தவன் யாராயினும் அவன் கவிஞனே என்பதில் நமக்கு ஐயமில்லை.

மாணவரின் காட்சி இன்னொரு வகையிலும் பொய். யந்திரம் வருவதற்கு முன்னரும் நமது பகுதியிலே அறுவடை மகளிர் தொழிலாக இருந்ததில்லை. தாக்கத்தியைக் கையிலெடுத்தவர்கள் பெரும்பாலும் ஆண்களே. வெட்டுக்காரர் கூட்டங்கூட்டமாகக் கரையோரத்து ஊர்களை விட்டு மேற்கே சென்று, வாடிகளில் தங்கி, வேலை முடிந்த பின்னரே வீடு திரும்பினர். நாற்று நடுகையும் இங்கு அருகியே நிகழ்ந்தது. சேற்றிலே முளைநெல்லை வீசி விதைப்பதே பெருவழக்கு. அவ்வாறாயின் நடவும் அறுவையும் செய்யும் அந்த மங்கையர் எங்கிருந்து வந்தனர்? காவிரிக் கரையிலிருந்தும், பள்ளுப் பிரபந்தங்களிலிருந்தும், அவற்றை வழிமொழிந்த பாடநூல்களிலிருந்தும் வந்தனர். பாடநூலைக் கற்பித்தவர் நாமாகையால் பிள்ளைகளைக் குறைகூறும் தகுதி நமக்கில்லை.

சொந்த நிலத்தின் தொழிலை இன்னொரு நிலத்தின் இலக்கியத்தைக் கொண்டு காண்பது பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய குறையா, அல்லது நம் எழுத்தாளரிடத்தும் விமர்சகரிடத்தும் இருக்கின்றதா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகும் பொருள்.

முதலில் தொழிலைப் பார்ப்போம். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தினால் நீர்ப்பாசனம் விரிவடைந்து, 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான அம்பாறை, இலங்கையின் முதன்மையான நெல் விளையும் மாவட்டங்களுள் ஒன்றாயிற்று. நிலம் போடியாரிடத்தே, அவரது வயலைப் பொறுப்பேற்றுச் செய்பவன் முல்லைக்காரன், அவனுக்குக் கீழே வெட்டுக்காரன், சூடு வைப்பவன், எருமை சாய்ப்பவன், தூற்றுபவன். இவர்களெல்லாருக்கும் பின்னால், வெட்டி முடிந்த வயலிலே குனிந்தபடி கதிர் பொறுக்கும் ஏழைப் பெண்களும் சிறுவரும். ஒரு வயலின் நெல் இத்தனை கைகளைக் கடந்தே களஞ்சியம் சேர்ந்தது. ஒவ்வொரு கையிலும் சிறிது ஒட்டிக்கொண்டது.

இக்கைகள் ஒரே நாளில் அகற்றப்படவில்லை. முதலில் உழவு யந்திரம் ஏரையும் எருமையையும் வெளியேற்றிற்று. உழுத யந்திரமே பின்னர் களத்திலும் ஏறிச் சூடடித்தது. களைகொல்லி மருந்து களை பிடுங்கும் கையை வேண்டாததாக்கிற்று. அப்பால் சூடடிக்கும் யந்திரம் தனியே வந்தது. போர் முடிந்த 2009ஆம் ஆண்டினை அடுத்து, லீசிங் கம்பனிகளின் கடனுதவியோடு கூட்டறுவடை யந்திரம் பெருகியபோது, எஞ்சிநின்ற வெட்டுக்காரனும் தூற்றுபவனும் ஒருசேரப் போயினர். களத்துக்கென்றே வழங்கிய தனிச் சொற்களும் உடன் போயின. களத்திலே நெல்லையும் மாட்டையும் சுளகையும் அன்றாடப் பெயரால் அழையாது வேறு பெயர் சொல்லி அழைத்த அக்களமொழியை இன்று முதியோர் சிலரே அறிவர்.

போடியார் தரப்பு நியாயத்தையும் கேட்டாக வேண்டும். 'ஆள் கிடையாது, கிடைத்தாலும் கேட்கும் கூலி கட்டுப்படியாகாது, மழை வருமுன் வெட்டாவிட்டால் வேளாண்மை சாய்ந்துவிடும்' என்பர். இதனை முழுப் பொய்யென்று தள்ளுவது நேர்மையாகாது. வளைகுடா நாடுகளுக்குப் போன இளைஞன் மீண்டும் தாக்கத்தியைத் தொட விரும்பான். வெயிலில் முதுகொடிய வெட்டும் தொழிலைப் புனிதமென்று புகழ்பவர் அதனை ஒருநாளும் செய்தறியாதவர். யந்திரம் மனிதனின் முதுகை நிமிர்த்துகின்றது என்பதை மறுக்கும் முற்போக்கு, முற்போக்கே அன்று. ஆனால் நிமிர்ந்த முதுகுக்கு உரியவன் அதன்பின் எதைத் தின்கிறான் என்னும் கேள்வி அப்படியே நிற்கின்றது. முதலாளித்துவப் பொருளியலின் மூலவருள் ஒருவரான டேவிட் ரிக்கார்டோ, யந்திரத்தால் எல்லா வகுப்பாருக்கும் நன்மையே விளையும் என்று தாம் முன்னர் கொண்டிருந்த கருத்தை 1821இல் வெளிவந்த தமது நூலின் மூன்றாம் பதிப்பிலே மாற்றிக்கொண்டு, உழைப்பாளருக்கு அது பலவேளைகளில் தீங்காவதுண்டென்று ஒரு புதிய அத்தியாயமே எழுதிச் சேர்த்தார். யந்திரத்தைக் குறித்துக் கவலைப்படுவது படியாதவனின் அச்சமென்று நகைப்போர் அந்த அத்தியாயத்தைப் படிப்பது நன்று.

'ஆள் கிடையாது' என்னும் வாக்கியத்துள் அடங்காத ஒருத்தி உண்டு. அவளே கதிர் பொறுக்குபவள். அவளுக்குக் கூலியென்று எவரும் நிர்ணயித்ததில்லை. ஆகவே கூலி உயர்ந்ததனால் அவளை நீக்கினோம் என்று எவரும் கூற முடியாது. அவள் எந்தத் தொழிலாளர் கணக்கெடுப்பிலும் இருந்ததில்லை. ஆகவே வேலையிழந்தோர் தொகையிலும் இடம்பெறவில்லை. யந்திரம் வெட்டிச் சென்ற வயலிலே பொறுக்குதற்கு முழுக்கதிர் மிஞ்சுவது அரிது. விதவைத் தாயொருத்தி பருவத்துக்குப் பருவம் சாக்கில் சேர்த்துவந்த சில மரைக்கால் நெல், யாரும் பறிக்காமலே பறிபோயிற்று.

மேற்சொன்ன கட்டுரைக் கட்டிலே ஒரு மாணவி மட்டும் மங்கையரையும் பாட்டையும் எழுதவில்லை. தன் உம்மும்மா கதிர் பொறுக்கப் போனதையும், வயற்காரர் துரத்தியதையும், பொறுக்கிய நெல்லைக் குற்றிக் கஞ்சி காய்ச்சியதையும், இப்போது 'மெசின் ஒன்றும் வைக்காமல் போகுது' என்று உம்மும்மா சொல்வதையும் பேச்சுமொழியில் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். அப்பக்கத்தின் ஓரத்திலே 'தலைப்புக்குப் பொருந்தவில்லை. எழுத்து வழக்கில் எழுதுக' என்று சிவப்பு மையால் எழுதியவர் நாமே. சில நாள் கழிந்து, வேறு காரணத்துக்காக அக்கட்டை மீண்டும் புரட்டியபோதுதான் நமது கை செய்தது நமக்குப் புலப்பட்டது.

இனி இலக்கியத்துக்கு வருவோம். கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் கவிகள் நமக்கெல்லாம் பெருமிதந் தருபவை. நிந்தவூரைச் சேர்ந்த எஸ். முத்துமீரான் போன்றோர் ஊரூராகச் சென்று அவற்றைச் சேகரித்து அச்சேற்றியமை பெரும் பணி. ஆனால் அக்கவிகள் மேடைகளிலே எடுத்தாளப்படும் முறையைக் கவனியுங்கள். மச்சானும் மச்சியும், நிலவும் தென்றலும் மட்டுமே மேடையேறுகின்றன. வெட்டுக்குப் போய் வாடியில் கிடக்கும் கணவனை எண்ணி வீட்டிலிருப்பவள் ஏங்குவதைக் காதற்சுவை என்று கொண்டாடுகிறோம். அவன் ஏன் வாரக்கணக்கில் வாடியில் கிடந்தான் என்று கேட்பதில்லை. அப்பிரிவு கூலிக்காக நேர்ந்த பிரிவு. சங்கப் பாடலிலே பொருள்வயிற் பிரிவு என்று துறை வகுத்துப் பாடஞ் சொல்லும் நாம், நம் ஊர்க் கவியில் அந்தப் 'பொருளை' மறந்துவிடுகிறோம்.

யந்திரம் வந்த பின் எழுந்த கவிதைகளும் கட்டுரைகளும் பெரும்பாலும் ஒரே சுருதியில் அமைந்துள்ளன. 'பொலிப்பாட்டு ஓய்ந்தது, எருமையின் மணியோசை ஓய்ந்தது, அந்தப் பொற்காலம் வருமோ' என்னும் புலம்பலே அச்சுருதி. இதனை மனோரதியப் பாங்கென்று சொல்லிவிட்டு அப்பால் நகர்ந்துவிடலாம். ஆனால் அதனுள்ளே ஒரு வர்க்க நோக்கும் ஒளிந்திருக்கின்றது. பாட்டு ஓய்ந்ததற்கு வருந்துபவன் களத்தின் ஓரத்தில் நின்று கேட்டவன். பாடியவனுக்கு ஓய்ந்தது பாட்டு மட்டுமன்று, பருவக் கூலியுமாகும். பாட்டின் இழப்பைப் பற்றி நூறு கவிதைகள் வரவும், கூலியின் இழப்பைப் பற்றிப் பத்துக் கவிதைகளேனும் வராதிருக்கவும் காரணம், பெரும்பாலும் பேனா கேட்டவனின் வீட்டில் இருந்தமையே. நாம் உட்பட.

முன்னோர் அனைவரும் இவ்வாறிருந்தாரல்லர். பெரிய நீலாவணையிற் பிறந்த கவிஞர் நீலாவணன் 1975இல் மறைந்தார்; அவரது 'வேளாண்மை' 1982இல் நூலாயிற்று. மட்டக்களப்புப் பகுதி உழவனின் பேச்சையும் தொழிற் சொற்களையும் செய்யுளுக்குள் கூச்சமின்றி அழைத்துவந்த ஆக்கம் அது. கல்முனைக்குடியைச் சேர்ந்த எம். ஏ. நுஃமான், குறளின் உழவதிகாரத்திலிருந்து பெயரெடுத்த 'நிலம் என்னும் நல்லாள்' என்னும் நெடுங்கவிதையிலே உழவனுக்கும் நிலத்துக்கும் உள்ள உறவைப் பொருளாக்கினார். 1977இல் 'தாத்தாமாரும் பேரர்களும்' என்னும் தொகுதியில் அது இடம்பெற்றது. இவர்கள் தங்கள் காலத்து வயலைப் பார்த்தனர். நாம் இவர்களைப் போற்றும் பொருட்டு, இவர்கள் காலத்து வயலையே நம் காலத்ததாகவும் பாடிக்கொண்டிருப்பது இவர்களுக்குச் செய்யும் மரியாதையாகாது.

வயலை விட்டுத் தறிக்கு வருவோம். கல்முனைக்கு வடக்கே மருதமுனை, நெசவினால் பெயர் பெற்ற ஊர். மருதமுனைச் சாரமும் சேலையும் நாடெங்கும் விலைபோயின. 1970 முதல் 1977 வரை ஆண்ட ஐக்கிய முன்னணி அரசாங்கம் இறக்குமதியை இறுக்கியபோது உள்ளூர்த் துணிக்குப் போட்டி இல்லாதொழிந்தது; தறிகள் ஓய்வின்றி ஓடின. 1977இல் ஆட்சி மாறிற்று. திறந்த பொருளாதாரம் வந்தது. ரூபாவின் மதிப்பு குறைக்கப்பட்டது. வெளிநாட்டு ஆலைத் துணி தடையின்றி இறங்கிற்று. நாடெங்கும் கைத்தறிகள் நின்றன. மருதமுனையும் தப்பவில்லை. எஞ்சிய தறிகளுள் பலவற்றை 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோயிற்று. கடல் கொண்டதற்கு நிவாரணம் வந்தது. சட்டம் கொண்டதற்கு எவரும் நிவாரணப் பதிவு செய்யவில்லை.

இதே நெசவாளனின் கதை பாக்கு நீரிணைக்கு அப்பால் முன்னரே எழுதப்பட்டுவிட்டது. சிதம்பர ரகுநாதன் 1953இல் வெளியிட்ட 'பஞ்சும் பசியும்' திருநெல்வேலிச் சீமைக் கைத்தறியாளரின் வாழ்வைச் சொல்லும் நாவல். செக் மொழியிலும் பெயர்க்கப்பட்டது. யுத்தத்துக்குப் பின் நூல் விலையேறவும் துணி தேங்கவும், சென்னை மாகாணத்து நெசவாளர் தெருவில் பிச்சைக்கு நின்ற காலம் அது. அந்நாவலில் கலைக்குறை உண்டு. பாத்திரங்கள் சில வேளைகளில் மேடைப் பேச்சாளர்போலப் பேசுகின்றன. ஆயினும் நூலின் விலைக்கும் அடுப்பின் நிலைக்கும் இடையேயுள்ள கயிற்றை வாசகன் கையிலே தொட்டு உணரும்படி கொடுத்தமையே அதன் சாதனை. அந்தக் கயிற்றை மருதமுனைக்கென ஒருவர் முழுமையாகப் பின்னிக் காட்டும் நாவலுக்காக நாம் இன்னும் காத்திருக்கிறோம்.

இவ்விடத்தே ஒரு முரணையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுக் கைலிகளும் சாரங்களும் ஒருகாலத்தில் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் பெருமளவில் ஏற்றுமதியாயின. அந்நாடுகள் கதவை அடைத்தபோது அங்கே தறி நின்றது. நம் நாடு கதவை அடைத்தபோது இங்கே தறி ஓடிற்று. மருதமுனையின் நற்காலம் கடலுக்கப்பாலுள்ள ஒரு நெசவாளனின் கெட்டகாலத்தோடு பிணைந்தது. 'இறக்குமதியைத் தடுத்தால் எல்லாம் தீரும்' என்று கூட்டங்களில் எளிதாக முழங்கும் நம் தோழர் இதனையும் எண்ணுதல் வேண்டும்.

ஜெர்மானிய நாடகாசிரியர் கெர்ஹார்ட் ஹாப்ட்மன் 1892இல் வெளியிட்ட 'நெசவாளர்கள்' நாடகத்தை மாணவர் படித்தறிவது பயனுடைத்து. 1844இல் சைலீசியாவில் நிகழ்ந்த நெசவாளர் எழுச்சியே அதன் பொருள். அந்நாடகத்துக்குத் தனிநாயகன் இல்லை, கூட்டமே நாயகன். முதலங்கம் நிகழ்வது காதலர் சந்திக்கும் சோலையிலோ போர்க்களத்திலோ அன்று. கூலி வழங்கும் இடத்திலே. நெய்த துணியை ஒவ்வொருவராகக் கொண்டுவந்து நீட்ட, முதலாளியின் கணக்கன் குறை கண்டு கூலியைக் குறைக்கின்றான். சைலீசியப் பேச்சுமொழியிலேயே ஆசிரியர் அதனை முதலில் எழுதினார் என்பதும் குறிப்பிடத்தக்கது. மருதமுனையிலும் முதலாளி நூல் கொடுக்க, நெய்தவர் துணியைத் திருப்பிக் கொடுத்துத் துண்டுக்கு இவ்வளவெனக் கூலி பெறும் முறை இருந்தது. நாடகத்துக்கான முதலங்கம் நம் ஒழுங்கைகளிலே கிடந்தது, எடுப்பார் இல்லை. பேச்சு வழக்கிலே எழுதிய மாணவிக்கு நாம் கொடுத்த புள்ளியையும் இவ்விடத்தில் நினைத்துக்கொண்டோம்.

தறியும் வயலும் கைவிட்ட குடும்பங்களிலிருந்து பெண்களே கடல் கடந்தனர். கிழக்கின் வறிய ஊர்களுக்கு வளைகுடா நாட்டு வீட்டுவேலை ஒரு புதிய வயலாயிற்று. 2005இல் அவ்வாறு சென்ற மூதூர் ரிஸானா நபீக் 2013 ஜனவரி 9ஆம் நாள் சவூதி அரேபியாவில் மரண தண்டனைக்கு ஆளானபோது நம் கவிஞர் பலர் கண்ணீர் வடித்துக் கவிதை புனைந்தனர். அக்கண்ணீர் உண்மையானதே. ஆனால் அக்கவிதைகளில் நாம் படித்தவை பெரிதும் வாளைப் பற்றியே பேசின. பள்ளி வயதுச் சிறுமியின் வயதைக் கடவுச்சீட்டிலே கூட்டி எழுதி அனுப்புமளவுக்கு ஒரு வீட்டை நெருக்கியது எது, ஊரிலே அவ்வீட்டாருக்குக் கிடைத்த நாட்கூலி எவ்வளவு என்று கேட்ட கவிதையைத் தேடினோம். நம் கண்ணில் அகப்படவில்லை.

அண்மைய அதிர்ச்சிக்கு வருவோம். 2021இல் இரசாயன உர இறக்குமதி ஒரே ஆணையால் தடுக்கப்பட்டது. அவ்வாண்டு முடியுமுன் தடை நீங்கிய போதிலும், 2021/22 பெரும்போகத்தில் நாட்டின் நெல் விளைச்சல் முந்திய பெரும்போகத்தினும் மூன்றிலொரு பங்குக்கு மேல் வீழ்ந்தது. 2022 ஏப்ரலில் அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திற்று. மார்ச்சுத் தொடக்கத்தில் டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது சில வாரங்களுள் 360ஐ எட்டிற்று. செப்டெம்பரில் பணவீக்கம் ஆண்டுக்கு 70 வீதத்தை நெருங்கிற்று. டீசல் இல்லாமையால் யந்திரங்கள் வரிசையில் நின்றன. இறக்குமதி நூலையும் சாயத்தையும் நம்பிய தறிகள் மீண்டும் தடுமாறின.

இவ்வேளையில் கூலிக்கு நேர்ந்ததை நிதானமாக நோக்குதல் வேண்டும். முற்காலத்தில் வெட்டுக்காரனுக்கும் களத்தில் நின்றவனுக்கும் கூலி நெல்லாகவே அளக்கப்பட்டது. நெல் விலை இரட்டித்தால் அவன் கூலியும் தானே இரட்டித்தது; விலைவாசிப் பேய் அவன் மரைக்காலுக்குள் நுழைய இயலவில்லை. நாளடைவில் கூலி காசாயிற்று. யந்திரம் வந்தபின் அறுவடையில் அளக்கும் வழக்கமே தேவையற்றுப்போயிற்று. ஏக்கருக்கு இவ்வளவென்று யந்திரக்காரருக்குப் பணம் கொடுத்தால் முடிந்தது. ஆகவே 2022இல் அரிசி விலை பாய்ந்தேறியபோது, நெல் விளையும் மாவட்டத்தின் நடுவே வாழ்ந்த கூலியாள் கொழும்புத் தெருவில் நிற்பவனைப் போலவே கடையில் கிலோக் கணக்கில் அரிசி வாங்க நின்றான். வயல் பக்கத்திலேயே இருந்தது. வயலோடு அவனைப் பிணைத்த அளவை இல்லை. யந்திரம் அவன் வேலையைக் குறைத்தது என்பது கதையின் பாதியே. வேலை இருந்த காலத்திலும் அவனுக்கிருந்த காப்பைக் காசுக்கூலி முன்னரே கழற்றிவிட்டிருந்தது என்பது மறுபாதி. பழைய நெற்கூலியை நாம் பொற்காலமாக்கவில்லை. அந்த மரைக்காலிலும் சூது இருந்தது. வாங்கும்போது ஒரு மரைக்கால், கொடுக்கும்போது ஒரு மரைக்கால் என வைத்திருந்த போடிமாரைப் பற்றி முதியோர் சிரித்துக்கொண்டே சொல்வர். டி. செல்வராஜின் 'மலரும் சருகும்' நாவலில் கூலியளக்கும் மரக்காலே போராட்டத்தின் மையப்பொருளாயிற்று என்பதை வாசகர் அறிவர். ஓர் அளவைப் பாத்திரத்துக்குள் ஒரு வர்க்கத்தின் வரலாறு முழுவதும் அடங்கியிருப்பதை அந்நாவலாசிரியர் கண்டார்.

பாடசாலையிலே தமிழ்த்தினத்தையொட்டி மாணவர் ஒரு கண்காட்சி வைத்திருந்தனர். பித்தளை கட்டிய பழைய மரைக்கால் ஒன்றை யாரோ வீட்டிலிருந்து கொண்டுவந்து, துடைத்து மினுக்கி, வெள்ளைத் துணியின்மேல் வைத்திருந்தார்கள். அதன் அருகே நிறுத்திய அட்டையில் 'பண்டைய முகத்தலளவை' என்று அழகிய கையெழுத்தில் எழுதியிருந்தது. கதிர் பொறுக்கியவளின் பேத்தி அதற்குக் காவலாக நின்றாள். இதில் எத்தனை கொத்து நெல் கொள்ளும் என்று கேட்டோம். சரியாகச் சொன்னாள்.